கறுப்பு ரப்பர் வளையல் இரண்டு

புது தில்லி
14 ஜூன் 1953

சௌபாக்கியவதி யதுகிரிக்கு, அண்ணா சம்பத்குமாரின் மனமார்ந்த ஆசீர்வாதம்.

பெருமாள் கிருபையில் நானும் வகுளாவும் சௌக்கியமாக இருக்கிறோம். வெயில்தான் ஆளை வறுத்தெடுக்கிறது. மைசூரில் மழை ஆரம்பித்திருக்கும், நீ கொடுத்து வைத்தவள். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி தேவலையா? ரங்கநாயகி இந்த வருஷம் எந்த வகுப்பு? எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். வகுளாவுக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. பையன் பெயர் பராசரன். பூர்வீகம் மேல்கோட்டை. மைசூர் மராமத்து இலாகாவில் டிராஃப்ட்ஸ்மேன். தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பெங்களூரில் ஒரு சித்தப்பா உண்டு, அவர்தான் ஜாதகம் அனுப்பினார். நன்றாகப் பொருந்துகிறது. பையன் அக்ரஹாரத்தில் கமலம்மாள் என்பவர் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டிருக்கிறானாம். உனக்கு நடந்து போகிற தூரம்தான்.

போன வருஷம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பாடச் சொன்னார்கள், பிறகு பெண் உயரம் ஜாஸ்தி என்று ஒரு கார்டு போட்டார்கள். அந்தக் கார்டை வாசலில் தபால்காரரிடம் வாங்கிப் படித்தவள் வகுளாவே. உன் மன்னி இருந்திருந்தால் மடியில் போட்டுத் தேற்றியிருப்பாள். எனக்கு அது வராது. இன்னொருவன் என் பெண்ணை வேண்டாம் என்று சொல்லக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை, அவளுக்கும் இல்லை. ஆகவே இந்தத் தடவை அவன் நம்மைப் பார்க்கும் முன் நாம் அவனைப் பார்த்துவிட வேண்டும். குறை இருந்தால் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் நாமாக இருக்க வேண்டும்.

ஜூலைக் கடைசியில் எனக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் போட்டுவிட்டால் வருகிற கடிதத்தை வகுளாதான் படித்துச் சொல்ல வேண்டும், நான் சொல்வதை அவள்தான் எழுத வேண்டும். அதற்குள் விசாரித்து முடித்துவிடு.

உன் அண்ணா,
சம்பத்குமார்


மைசூர்
28 ஜூன் 1953

அண்ணாவுக்கு யதுகிரியின் அநேக நமஸ்காரங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். இவர் முழங்கால் படி ஏறினால் வலிக்கிறது, சீட்டாடப் போனால் வலிப்பதில்லை. ரங்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஹிந்தி படிக்கிறாள். கண் ஆபரேஷனுக்கு நல்ல டாக்டராகப் பார்த்துக்கொள்.

விசாரிக்கச் சொன்னாய். எனக்கு அதைவிட வேறென்ன வேலை! மறுநாளே கமலம்மாள் வீட்டுக்குக் கருவேப்பிலை கேட்கிற சாக்கில் போய்விட்டேன். பையனைப் பற்றி அந்த அம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை. சிகரெட் இல்லை, சிநேகிதக் கூட்டம் இல்லை, சனிக்கிழமை தவறாமல் கோவில். ஆளைத் தூரத்திலிருந்து பார்த்தேன், நல்ல உயரம். வகுளாவுக்கு இவன் உயரம் போதும் என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அண்ணா, அந்த அறை ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கிறது. "பையன் தங்கம்டீ. ஆனா ரூமைப் பெருக்க விடமாட்டேங்கறான். உள்ளேர்ந்து கனிஞ்ச வாழைப்பழ வாசனை வர்றது, ஆஸ்பத்திரி வாசனையும் சேர்ந்து. பழத் தோலை மட்டும் ஒரு நாளும் நான் பாத்ததில்லை" என்றாள் கமலம்மாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு துணி மூட்டையை எடுத்துக்கொண்டு நஞ்சன்கூடு பஸ் ஏறுகிறானாம். கோவிலுக்கா என்று கேட்டால் சிரிக்கிறானாம்.

இதோடு விட்டிருப்பேன். மார்க்கெட்டில் வளையல் கடை ரத்தினவேலிடம் பேச்சுவாக்கில் மராமத்து பராசரனைத் தெரியுமா என்று கேட்டேன். அவன் கொள்ளேகால்காரன், வாய் ஓயாது. "தெரியாதுங்களா! போன வாரந்தான் வந்து இருக்கறதுலயே சின்ன ரப்பர் வளையல் கேட்டாரு. யாரு கைக்குங்கன்னு கேட்டனுங்க. அளவு வேணுமில்லீங்களா? கொஞ்ச நேரம் முழிச்சாரு. அப்பறம் ஆறு மாசக் கொழந்தைக்குன்னாரு. கறுப்புல ரெண்டே ரெண்டு போதும்னு வாங்கிட்டுப் போனாருங்க."

கறுப்பு வளையல் யாருக்குப் போடுவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். கண் படாமலிருக்கக் கைக்குழந்தைக்குப் போடுவார்கள். அக்கா தங்கை இல்லாத பிரம்மசாரி யார் வீட்டுக் குழந்தைக்குக் கண்ணேறு கழிக்கிறான்?

வகுளாக் குட்டிக்கு என் ஆசீர்வாதம்.

உன் தங்கை,
யதுகிரி


புது தில்லி
7 ஜூலை 1953

சௌபாக்கியவதி யதுகிரிக்கு ஆசீர்வாதம். அனைவரும் நலம்தானே?

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன், நல்லதாகப் போயிற்று. விமானத் தளத்தில் வேலை பார்த்தாலும் நான் விமானத்தைக் காகிதத்தில் மட்டும் பார்த்தவன். கணக்குப் பிரிவு மூளை எனக்கு. ஒரு ரசீது இடித்தால் முழு ஃபைலையும் கொண்டுவரச் சொல்கிறவன். இங்கே இடிப்பது ஒன்றல்ல, நாலு.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையை அதே பஸ்ஸில் ஏற்றிவிடு. நஞ்சன்கூட்டில் யார் வீட்டுக்குப் போகிறான், அங்கே யார் இருக்கிறார்கள், எல்லாம் தெரிய வேண்டும். முழங்கால் சாக்குச் சொல்ல விடாதே. மருந்துக் கடை, பொம்மைக் கடை இவற்றிலும் விசாரி. பையனிடம் நேரே மட்டும் எதையும் கேட்டுவிடாதே. கேட்டால் நாம் அவன் பின்னால் அலைகிறோம் என்று ஆகிவிடும்.

வகுளாவிடம் இன்னும் பையன் பெயரை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நேற்று எதிரில் உட்கார்ந்து, "அப்பா, மைசூரில் குளிருமா?" என்று கேட்டாள். போன வருஷத்துக்குப் பிறகு அவளாக ஒன்று கேட்டது இதுதான்.

அண்ணா


மைசூர்
22 ஜூலை 1953

இது உன் கண்ணுக்கு மட்டும்.

அண்ணாவுக்கு நமஸ்காரம். எங்கள் சௌக்கியத்துக்குக் குறைவில்லை, மனதுக்குத்தான்.

இவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக பஸ் ஏற்றினேன். குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார், மழையே இல்லாத நாளில்! நஞ்சன்கூட்டில் இறங்கியவன் கோவில் பக்கம் திரும்பவில்லை. ஆற்றங்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு நேரே போயிருக்கிறான். இருபத்தைந்து வயசுக்குள் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை, சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாளாம். பெயர் சித்தம்மா என்று தெரிந்துகொண்டு வந்தார். அதற்கப்புறம் என்ன என்று கேட்டால் கோவிலுக்குப் போனேன், புளியோகரை சாப்பிட்டேன் என்கிறார். துப்பறியப் போனவர் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். மேலே கேட்டால் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை விரித்துக்கொள்கிறார்.

மருந்துக் கடையில் குழந்தைப் பவுடர் ஒரு டின் வாங்கியிருக்கிறான். கடிகார கோபுரத்தடியில் பொம்மை விற்கிறவனிடம் செல்லுலாய்டு கிலுகிலுப்பை, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ரகமாகப் பொறுக்கி எடுத்தானாம்.

வளையல், பவுடர், கிலுகிலுப்பை, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. இதற்கு மேல் என் கையால் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். கமலம்மாளின் தங்கம் இப்படி இருக்கிறது. வகுளாவுக்கு இது எதுவும் தெரியக்கூடாது. ஜாதகம் சரியில்லை என்று சொல்லி முடித்துவிடலாம்.

யதுகிரி


புது தில்லி
2 ஆகஸ்டு 1953

சௌபாக்கியவதி யதுகிரிக்கு ஆசீர்வாதம். கையெழுத்து வகுளாவுடையது, வாசகம் என்னுடையது.

டாக்டர் லீவில் ஊருக்குப் போகிறார் என்று ஆபரேஷனை முன்னாலேயே வைத்துவிட்டார். நல்லபடியாக ஆயிற்று. உன் கடிதம் வந்தபோது எனக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. உன் கண்ணுக்கு மட்டும் என்று நீ மேலே எழுதியிருந்ததை வகுளா முதலில் படித்தாள், பிறகு கொஞ்சம் நிறுத்தி, மீதியையும் படித்தாள். பக்கத்து வீட்டில் தமிழ் தெரிந்தவர்கள் இல்லை. நான் வேறு என்ன செய்வது?

முடிவு இதுதான். சம்பந்தம் வேண்டாம். ஜாதகத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நீயே பையனைப் பார்த்து, ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் குறைகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு. சித்தப்பாவுக்கும் நான் அப்படியே எழுதிவிடுகிறேன். இந்தத் தடவை நாம் சொன்னோம் என்ற மட்டில் எனக்குத் திருப்தி.

எழுதுகிறவள் நடுவில் பேனாவை வைத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தாள். சொல்வதை மட்டும் எழுது என்றேன்.

அண்ணா


மைசூர்
12 செப்டம்பர் 1953

அண்ணாவுக்கு நமஸ்காரம். கண் கட்டை அவிழ்த்தாயிற்றா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்.

பதில் தாமதமாயிற்று. இங்கே நல்ல மழை. கண்ணம்பாடி அணை நிரம்பிவிட்டது, ஊரே பார்க்கப் போகிறது. இவருக்கு ஜலதோஷம்.

நீ சொன்ன காரியம் முடிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

வகுளாவுக்கு என் ஆசீர்வாதம். அவளை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

யதுகிரி


புது தில்லி
24 செப்டம்பர் 1953

சௌபாக்கியவதி யதுகிரிக்கு ஆசீர்வாதம். ஒரு கண் தேவலை. அடுத்த கண்ணுக்கும் கத்தி வைத்தாயிற்று, அதில் புண் ஆறவில்லை. ஆகவே இதுவும் வகுளாவின் எழுத்துதான்.

உன் கடிதம் எனக்குப் பிடிபடவில்லை. காய்கறிக்காரி சண்டை போட்டால் நாலு பக்கம் எழுதுகிறவள் நீ. ஒரு சம்பந்தத்தை முறித்துவிட்டு வந்து நாலு வரி எழுதுகிறாய். அதிலும் ஒரு வரி அணைக்குப் போய்விட்டது. ஜாதகத்தைக் கொடுத்தபோது பையன் என்ன சொன்னான்? முகம் எப்படி இருந்தது? தப்புச் செய்தவன் ஏதாவது தடுமாறியிருப்பானே?

கேட்க மறந்தேன், ரங்கநாயகிக்கு வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டாயா?

நம் ஆபீஸ் ஸ்டோர்ஸ் முனிராஜ் உங்கள் ஊர்க்காரர். தசராவுக்கு வருகிறார். அவரிடம் மாப்பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்து அனுப்புகிறேன்.

அண்ணா


மைசூர்
25 அக்டோபர் 1953

அண்ணாவுக்கும் வகுளாவுக்கும் யதுகிரியின் நமஸ்காரமும் ஆசீர்வாதமும்.

சால்வை வந்து சேர்ந்தது. இவர் அதைப் போர்த்திக்கொண்டு ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்கப் போய், வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். முனிராஜுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நாலு வரி எழுதினேன் என்று கோபித்துக்கொண்டாயே, இப்போது கேள். தசரா பொருட்காட்சிக்கு நானும் ரங்காவும் இரண்டு தடவை போனோம். இந்த வருஷம் போன வருஷத்தைவிடப் பெரிசு. நுழைந்ததும் கைத்தறிப் பட்டு, அடுத்து சந்தன மரத்தில் செதுக்கிய தேர், சக்கரம் உருளுகிறது. விவசாயப் பகுதியில் ஒரு பூசணிக்காய், இரண்டு பேர் தூக்க வேண்டும். மின்சார அடுப்பில் ஒருத்தி நின்றுகொண்டு தோசை வார்த்துக் காட்டுகிறாள், புகையே இல்லை. ரங்காவுக்கு ராட்டினத்தில் தலை சுற்றியது. கண்ணாடி வேலை, கூடை முடைவது, தேனீப் பெட்டி, பிள்ளைகள் செய்த படங்கள் என்று கால் வலிக்க நடந்தோம். ஒரு சர்பத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக் குடித்தோம்.

ரங்காவுக்கு வரனா? அவளுக்கு என்ன அவசரம்! வயசில் மூத்த மாமா பெண் அங்கே இருக்கும்போது இவளுக்கு ஏன்?

கண்ணைப் பார்த்துக்கொள்.

யதுகிரி


புது தில்லி
12 நவம்பர் 1953

யதுகிரிக்கு,

சௌக்கியம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கண்ணாடி இன்னும் வரவில்லை, எழுத்து வகுளாவுடையதே.

முனிராஜ் திரும்பி வந்தார். பொருட்காட்சியில் எல்லாவற்றையும்விட ஒரு சின்ன விமானத்தைச் சுற்றித்தான் கூட்டம் என்றார். இரண்டடி நீளச் சிறகு வைத்த டகோட்டா. மரத்துண்டுகளை ஒட்டி விமானம் செய்யச் சீமையிலிருந்து வாங்கிய பெட்டியில் இருந்தது பயணிகள் விமானமாம். அதன் வயிற்றை அறுத்து, பட்டாளமும் மூட்டையும் ஏற்றுகிற அகலமான சரக்குக் கதவை வைத்து, உள்ளே பெஞ்சு போட்டு, காஷ்மீர்ச் சண்டைக்குப் போன டகோட்டாவாக மாற்றியிருக்கிறான் ஒருவன். பெட்டியில் இல்லாததை எல்லாம் கையால் செய்திருக்கிறான். அட்டையில் பெயர் எழுதியிருக்கிறது: பராசரன், மராமத்து இலாகா. எஞ்சினைச் சுற்றி இருக்கிற வட்ட மூடி என்ன என்று முனிராஜ் கேட்டிருக்கிறார். குழந்தை வளையல் என்று சொல்லிச் சிரித்தானாம். எஞ்சின் இரண்டு, வளையல் இரண்டு. விமானி முன்னால் இருக்கிற கண்ணாடி கிலுகிலுப்பையில் வெட்டியது. சக்கரம் நஞ்சன்கூட்டில் கடைசல் பட்டறை வைத்திருக்கிற நஞ்சுண்டசாமி என்கிற சிநேகிதன் கடைந்து கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை மூட்டையில் போனது அதற்கான மரம்தான். சித்தம்மா அவன் மனைவி.

இதைக் கேட்டு நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். என் அவசரத்தை நானே நொந்துகொண்டிருந்தேன். அப்போது முனிராஜ், "உங்க தங்கையும் அங்கதான் சார் நின்னுக்கிட்டு இருந்தாங்க. கூட அவங்க பொண்ணு. அந்தப் பையன் கை கூப்பி ரொம்ப மரியாதையா பேசிக்கிட்டு இருந்தாரு" என்றார்.

பூசணிக்காயை எழுதினாய். தோசையை எழுதினாய். சர்பத்தை எழுதினாய். உன் கண்ணெதிரில் நின்ற விமானத்தை எழுதவில்லை. என் பெண்ணுக்கு வேண்டாம் என்று என்னைச் சொல்ல வைத்துவிட்டு, அதே பையனை உன் பெண்ணோடு நின்று பார்த்திருக்கிறாய். அவனிடம் குறை ஒன்றும் இல்லை என்று உனக்கு எப்போது தெரிந்தது? ஆகஸ்டிலா, ஜூலையிலா? வளையல் கடைக்குப் போன அன்றே தெரியுமா? தாயில்லாப் பெண் விஷயத்தில் கூடவா யதுகிரி!

ரங்கநாயகியின் கல்யாணப் பத்திரிகையை எனக்கு அனுப்ப வேண்டாம்.

சம்பத்குமார்


மைசூர்
22 நவம்பர் 1953

வகுளாக் கண்ணே,

உறையின் மேல் உன் அப்பா பெயர் இருந்தாலும் இந்தக் கடிதம் உனக்கு. முதலில் நீ மட்டும் படி. அப்புறம் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவதும் அடுப்பில் போடுவதும் உன் இஷ்டம். நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அதைக்கூடக் கேட்க முடியாமல் இத்தனை நாள் உனக்கு எழுதாமல் இருந்தேன்.

அப்பா சொன்னபடி ஆகஸ்டில் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அந்த மாடிக்குப் போனேன். திருடனைப் பிடிக்கப் போகிற மாதிரி போனேன் என்றே வைத்துக்கொள். கதவைத் திறந்தவன், "உள்ள வாங்கோ மாமி. பாத்துக் கால வைங்கோ, இறக்கை காயறது" என்றான். தரையில் ஒரு பலகை, அதன்மேல் குண்டூசியில் குத்தி நிறுத்திய துண்டு துண்டு சாமான்கள். பிஸ்கட் டின்னை வெட்டி விசிறி. குழந்தைப் பவுடரை வார்னிஷில் குழைத்து மரத்தின் சின்னத் துளைகளை அடைத்திருந்தான். வாழைப்பழ வாசனை, ஆஸ்பத்திரி வாசனை இரண்டும் அந்த வார்னிஷுக்கு. ஈரத்தில் தூசி ஒட்டாமல் இருக்கத்தான் ஜன்னல் சாத்தியிருந்தது. கிலுகிலுப்பையை வெந்நீரில் போட்டு இளக்கி, ஒரு மரக்கட்டையின் மேல் அமுக்கிக் கண்ணாடி செய்து காட்டினான். கறுப்பு வளையல் இரண்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஜாதகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டாம், உன் அப்பாவிடம் சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் அவன் கேட்டான். "மாமி, நஞ்சன்கூட்டு பஸ்ஸுல கொடையோட வந்தவர் உங்காத்து மாமாதானே?"

உன் அத்திம்பேர் புளியோகரை சாப்பிட்டதைச் சொன்னாரே ஒழிய, சாப்பிடப் போகும் முன் செய்ததைச் சொல்லவில்லை. பராசரன் கிளம்பிப் போகிற வரை தெருக்கோடியில் நின்றுவிட்டு, சித்தம்மாவிடம் போய், "இந்தக் குழந்தைக்கு அப்பா யாரம்மா?" என்று கேட்டிருக்கிறார். வாசலில் வைத்து, அக்கம்பக்கம் கேட்க. நான் கிளறிக் கிளறிக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். உன் அண்ணா எல்லாம் தெரிய வேண்டும் என்று எழுதினாரே என்கிறார் என்னிடம்!

பராசரன் குரலை உயர்த்தவே இல்லை. "வளையல் கடையில கேட்டேள், மருந்துக் கடையில கேட்டேள், அதெல்லாம் வழக்கம், போறது. என்னையே கேட்டிருந்தா எல்லாத்தையும் காமிச்சிருப்பேன். சித்தம்மாவை எதுக்குக் கேக்கணும்? நஞ்சுண்டசாமி என்கூடப் படிச்சவன். அவ வெளில தலை காட்டாம அழுதுண்டு கெடக்கறா. அவன் என்னண்ட பழைய மாதிரி பேசறதில்லை. என்னால அந்தப் பொண்ணுக்கு இப்படி ஆச்சு. மாமி, தில்லிக்கு எழுதிடுங்கோ. இந்த சம்பந்தம் எனக்கு வேண்டாம்."

நான் வேண்டாம் என்று சொல்லப் போனேன், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

இதை நான் எப்படி எழுதுவேன், சொல்லு? உறையைப் பிரிக்கிறவள் நீ. முதலில் படிக்கிறவள் நீ. போன வருஷக் கார்டு மாதிரி இன்னொன்றை உன் கையில் என் கையெழுத்தில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பையன் கெட்டவன், நாமே உதறினோம் என்று உன் அப்பா நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் அந்த நாலு வரி. அதனால்தான் பூசணிக்காய்.

பொருட்காட்சிக்குப் போனது அவன் காலில் விழாத குறையாகக் கேட்கத்தான். பெண் கூட இருந்தால் கடுமையாகப் பேசமாட்டான் என்று ரங்காவை அழைத்துப் போனேன். "பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்லை மாமி, நான் பாத்ததுகூட இல்லை. மறுபடி அதையே கேக்காதீங்கோ" என்று கை கூப்பினான். முனிராஜ் பார்த்த மரியாதை அதுதான். ரங்கா இதில் எதிலும் இல்லை.

உன் அப்பா எழுதியதற்காக எனக்குக் கோபம் இல்லை என்றால் பொய். இரண்டு நாள் அடுப்படியில் அழுதேன். ஆனால் அதை எழுதிய கையும் உன்னுடையதுதானே என்று நினைத்தபோது அழுகை நின்றுவிட்டது.

உன் அத்தை,
யதுகிரி


புது தில்லி
6 டிசம்பர் 1953

அத்தைக்கு வகுளா நமஸ்காரம். நானும் அப்பாவும் சௌக்கியம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். இந்தக் கடிதத்தில் கையெழுத்தும் என்னுடையது, வாசகமும் என்னுடையது.

உங்கள் கடிதத்தை நான் தனியாகப் படித்துவிட்டு, அப்பாவுக்கும் முழுசாகப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. அப்பா, "என் தங்கையை நான் என்ன சொல்லிவிட்டேன்!" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. இந்த வாரம் கண்ணாடி வருகிறது. முதல் கடிதத்தை உங்களுக்குத் தன் கையால் எழுதுவதாகச் சொல்கிறார். நீங்கள் அவரிடம் கோபப்படலாம் அத்தை, ஆனால் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

எனக்கும் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, "அப்பா, இங்கே விமானம் நிறுத்துகிற ஹாங்கரில் சிறகுக்குப் பூசுகிற வார்னிஷும் வாழைப்பழ வாசனைதான் வரும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். நம் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கே அது வரும். தான் சொல்வதை மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். என் கல்யாணத்தைப் பற்றி ஆறு மாதமாக நீங்கள் எல்லோரும் எழுதினீர்கள், நான் படித்தேன், நான் எழுதினேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வேண்டாம் என்ற சொல்லை நான் தாங்கமாட்டேன் என்று முடிவு செய்ததும் நீங்கள்தான். தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தத் தடவை அவ்வளவு வலிக்கவில்லை. அவர் வேண்டாம் என்றது என்னை இல்லை. அவர் இடத்தில் இருந்தால், சித்தம்மாவை வாசலில் வைத்துக் கேட்ட வீட்டில் நானும் பெண் எடுக்கமாட்டேன்.

அப்பா நேற்று நஞ்சுண்டசாமிக்கும் சித்தம்மாவுக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் சொன்னார். முனிராஜ் மாமாவைக் கேட்டுக் கன்னடத்தில் எழுதினேன், பிழை இருக்கும். அத்திம்பேரை நேரில் போய் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். குடை வேண்டாம். நீங்களும் கூடப் போங்கள்.

அந்த விமானத்தில் சரக்குக் கதவு நேர்ச் சதுரமாக இருந்தது என்று முனிராஜ் மாமா சொன்னார். அது தப்பு. இங்கே தபால் ஏற்றுகிற டகோட்டாவைத் தினமும் பார்க்கிறேன். உடம்பு வால் பக்கம் ஒடுங்குகிறதால் கதவுக்கும் முன்பக்கம் உயரம் அதிகம், பின்பக்கம் குறைவு. கதவின் இரண்டு பாதியும் வெளிப்பக்கமாக, எதிரெதிர்த் திசையில் திறக்கும். முனிராஜ் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் டேப் வைத்து அளந்தேன். மெக்கானிக்குகள் வேடிக்கை பார்த்தார்கள்.

அளவுகளைப் படம் போட்டு பராசரனுக்கு அனுப்பியிருக்கிறேன். வேறு எதுவும் எழுதவில்லை. கீழே என் பெயரும் விலாசமும் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "நான் சொல்லட்டுமா, எழுதுகிறாயா?" என்றார். "இதை நானே எழுதிக்கொள்கிறேன்" என்றேன். சுவரைத் தடவிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ரங்காவுக்கு என் அன்பு.

பதில் வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. வந்தால் என் பெயருக்கு வரும். அதை நான் யாருக்கும் படித்துக் காட்டப் போவதில்லை.

வகுளா